சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து

கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சுவர்களில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. நடுவில் படம், கீழே பெயர், பெயருக்கும் கீழே சிறிய எழுத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை'. அதற்குப் பிறகுதான் சுவரொட்டி விரியும்: கணவர் பெயர், மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட உத்தியோகம் இரண்டு வளைகோடுகளுக்குள் அடங்கிவிடுகிறது. படத்திறப்பு விழாவில் பேசுபவர்கள் அந்த அடைப்புக்குறியைத் திறக்கத்தான் பார்க்கிறார்கள், ஆனால் திறந்ததும் அவர்கள் வாயில் வருவது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: 'எங்களுக்கெல்லாம் ஒரு தாய்போல இருந்தார்.' இந்தப் புகழ்ச்சியில் உள்நோக்கம் எதுவும் கிடையாது. ஆனாலும் பள்ளி ஆசிரியை ஒருவரின் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக மறைக்கும் வாக்கியம் தமிழில் இல்லை என்பது என் கட்சி. எல்லா ஊருக்கும் இது ஓரளவு பொருந்தும். கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலை போன்ற ஊருக்கு முழுதாகவே பொருந்தும். அங்கே ஓர் ஆசிரியை செய்த பெரிய காரியம் தாய்மையில் இல்லை, எழுத்தில் இருந்தது.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். 'வாத்தியாரம்மா' என்று பழைய தமிழில் சொன்னால், பாடம் நடத்துகிற பெண்ணா, பாடம் நடத்துகிறவரின் மனைவியா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது ஓர் ஆங்கிலச் சொல். 'டீச்சர்' என்பதற்கு ஆங்கிலத்தில் ஆண்பால் பெண்பால் கிடையாது. தமிழ்ப் பேச்சுக்கு வந்ததும் அது பெண்ணுக்கு மட்டுமே உரியதாகிவிட்டது. ஆண் என்றால் 'சார்', இல்லையென்றால் 'வாத்தியார்'. கணவனையோ பிள்ளையையோ இழுக்காமல், செய்கிற வேலையை மட்டும் வைத்து ஒரு பெண்ணைக் குறிக்க நம் ஊர்ப்பேச்சில் நிலைத்த சொற்கள் கொஞ்சம்தான். அவற்றில் இது ஒன்று. மக்களே உண்டாக்கிக்கொண்ட இந்தச் சொல் இருக்கும்போது, இறந்த பிறகு ஏன் அவரை மறுபடி 'அம்மா'வுக்குள் கொண்டுபோய் வைக்கிறோம்?

அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, கொஞ்சம் வேடிக்கையானதும்கூட. தொடக்கத்தில், தாயாக இல்லாதிருப்பதே ஆசிரியை ஆவதற்குத் தகுதியாக இருந்தது. 1866இல் ஆங்கிலேயச் சீர்திருத்தவாதி மேரி கார்ப்பென்டர் இந்தியாவுக்கு வந்து, பெண்களுக்குப் பாடம் சொல்லப் பெண்களையே பயிற்றுவிக்க வேண்டும் என்று அரசாங்கத்தை வலியுறுத்திவிட்டுப் போனார். 1870இல் சென்னையில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி வந்தது. ஆனால் அங்கே சேர யார் வருவார்கள்? மனைவியை வேலைக்கு அனுப்பச் சாதி வீடுகள் தயாராக இல்லை. ஆகவே கண் விதவைகள் மேல் விழுந்தது. சிறு வயதிலேயே விதவையான ஆர். எஸ். சுப்புலட்சுமி 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே எழும்பூரில் இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கினார். பின்னால் அது திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸுக்கு இடம்பெயர்ந்தது. தலை மழிக்கப்பட்டு அடுக்களை மூலையில் கிடக்க வேண்டிய பெண்கள் அங்கிருந்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். சுப்புலட்சுமியை ஊர் அழைத்தது 'சிஸ்டர்' என்று. புனேயில் 1848இல் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் புலே பிள்ளை பெறவில்லை, ஒரு பையனைத் தத்தெடுத்து வளர்த்தார். டோனாவூரில் கல்யாணமே செய்துகொள்ளாத மிஷனரி ஏமி கார்மைக்கேலைத்தான் எல்லோரும் 'அம்மா' என்றார்கள். பிள்ளையில்லாத ஆசிரியை என்பது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் கல்யாணமானால் ஆசிரியை வேலையை விட வேண்டும் என்ற விதியைச் சட்டப்படி முழுதாக எடுத்தது 1944இல்தான். சொந்தப் பிள்ளை இல்லாதவளுக்கு ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் பிள்ளைகள் என்ற கணக்கு அப்போது உண்டானது. ஆசிரியை பிள்ளை பெற்றவளாக மாறிய பிறகும் அந்தக் கணக்கை யாரும் திருத்தவில்லை.

விடுதலைக்குப் பிறகு அவள் பிள்ளை பெற்றவளாகத்தான் பள்ளிக்கு வந்தாள். ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் பெருகின. அவற்றின் ஆசிரியர்கள் 1981 ஜூன் முதல் அரசு ஊழியர்கள் ஆனார்கள். 1989இல் அரசு வேலைகளில் பெண்களுக்கு முப்பது சதவீத ஒதுக்கீடு வந்தது. ஆனால் தாயாக இருக்க அரசு அவளுக்குக் கொடுத்த நாட்கள் எத்தனை என்று பணிப்பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். 2011 வரை தமிழ்நாட்டில் மகப்பேறு விடுப்பு தொண்ணூறு நாள். பிறகு ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021இல் பன்னிரண்டு மாதம். அதாவது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வேலைக்குச் சேர்ந்து இப்போது சுவரொட்டியாகிக்கொண்டிருக்கும் தலைமுறை, மூன்று மாதக் குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் கரும்பலகை முன்னால் போய் நின்றது. யாரிடம் விட்டார்கள்? பெரும்பாலும் அம்மாவிடம், சில வீடுகளில் மாமியாரிடம். வகுப்பறை உத்திரத்தில் தூளி கட்டியவர்களும் உண்டு. வெள்ளிமலைக்கோ சேராப்பட்டுக்கோ பணி ஆணை வாங்கியவர், கள்ளக்குறிச்சியிலோ கச்சிராயபாளையத்திலோ குழந்தையைப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு மலை ஏறும் முதல் பஸ்ஸைப் பிடித்திருப்பார். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றதும் அவர் பங்குக்கு மகள் வீட்டுத் தூளியை ஆட்டியிருப்பார், மகள் வேலைக்குப் போக வேண்டுமே. ஆசிரியை, தாய், பாட்டி என்று சுவரொட்டி மூன்று தனித்தனிப் பெருமைகளாக அடுக்குவது உண்மையில் ஒரே ஏற்பாடு. சம்பளம் இல்லாத ஒரு பாட்டி பின்னால் இருந்ததால்தான் சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியை முன்னால் நிற்க முடிந்தது. எந்தப் பதிவேட்டிலும் அந்தப் பாட்டிக்குக் கலம் கிடையாது.

இனி மலைக்குப் போகலாம். கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம், திருவண்ணாமலை, தருமபுரி என நான்கு மாவட்டங்களுக்கு இடையில் கிடக்கிறது. வெள்ளிமலை இன்று கள்ளக்குறிச்சிப் பகுதி மலைக்கு வட்டத் தலைமையிடம். மலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடிகள். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்கக் கூடாது, இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி தாங்கள் என்பது அவர்களுடைய மரபுக்கதை. 1906இல் வந்த டபிள்யூ. பிரான்சிஸின் தென்னார்க்காடு கெசட்டியரும், 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளும் இந்த மலையைப் பற்றிப் பேசுகின்றன. ஜாகீர்கள் எனப்பட்ட பரம்பரை நில உரிமைகளைப் பற்றியும் சடங்குகளைப் பற்றியும் அவற்றில் பக்கங்கள் உண்டு. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று பரம்பரைப் பெயர்களால் வழங்கிய ஜாகீர்தார்களின் கையில் இந்தப் பக்கத்து மலை இருந்தது. ஜமீன்தாரி ஒழிந்து, குடியரசு வந்து, ஐந்து பொதுத்தேர்தல்கள் நடந்து முடிந்த பிறகும் அது அப்படியே இருந்தது. 1976இல்தான், தமிழ்நாடு குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்த காலத்தில், அரசு இந்த ஜாகீர்களைத் தன் கையில் எடுத்தது.

ஜாகீர் ஆட்சி என்பது வாய்ச்சொல்லின் ஆட்சி. யார் எந்தக் கொல்லையில் சாமை விதைக்கலாம், யார் என்ன கட்ட வேண்டும் என்பதெல்லாம் மேலே இருப்பவரின் நினைவிலும் நாக்கிலும் இருந்தன. குடியானவன் கையில் காட்ட ஒரு தாள் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969லேயே வந்துவிட்டது உண்மைதான். ஆனால் குடிசையில் பிறந்த குழந்தையைப் பதிய மலையிறங்கிப் போவார் யார்? இப்படிப்பட்ட இடத்தில் அரசு நேரடியாக ஆளத் தொடங்கும்போது, தாசில்தாரும் நில அளவையரும் வருவதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டுக் குழந்தையையும் பெயர் சொல்லித் தாளில் ஏற்றுகிற ஆள் யார் என்று யோசித்தால், பள்ளிக்கூடத்து ஆசிரியர்தான். தொடக்க வகுப்புகளில் அது போகப் போக ஆசிரியையாக மாறியது.

அவர் கையில் இருந்தது சேர்க்கை நீக்கப் பதிவேடு. நீளவாக்கில் தடித்த நோட்டு, சிவப்புக் கோடு, கட்டம் கட்டமாகத் தலைப்புகள்: சேர்க்கை எண், மாணவர் பெயர், பெற்றோர் அல்லது பாதுகாவலர், பிறந்த தேதி எண்ணாலும் எழுத்தாலும், மதமும் இனமும், தாய்மொழி, அங்க அடையாளம். ஜூன் மாதம் ஒரு குழந்தை கையைப் பிடித்து வந்து நிறுத்தப்படுகிறது. வயசு என்ன? 'அந்தப் பெருமழையன்னிக்குப் பொறந்தவ', 'பெரியவனுக்கு ரெண்டு பயிர் தள்ளி.' ஆசிரியை குழந்தையின் வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்கிறார். தொட்டால் ஐந்து முடிந்தது. பிறகு ஒரு தேதி வேண்டும். ஐந்து நிறைந்திருக்க வேண்டும் என்பதால் மே மாதத்திலோ ஜூன் முதல் தேதியிலோ ஒன்றைப் போடுகிறார். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே கோடையில் பிறந்ததாக இருப்பதன் ரகசியம் இதுதான். கிரகநிலைக்கு இதில் பங்கில்லை. வீட்டில் சின்னப்பொண்ணு, குட்டி என்று கூப்பிட்ட குழந்தைக்குப் பதிவேட்டில் ஏறத்தக்க ஒரு பெயர் வேண்டும். அதையும் அங்கேயே முடிவு செய்ய வேண்டியிருக்கும். கடைசியாக அங்க அடையாளம். சட்டைக் கையை ஏற்றி, முழங்காலைத் துடைத்து, இரண்டு மச்சம் கிடைக்கும்வரை ஆசிரியை தேட வேண்டும். ஒரு குழந்தையின் உடம்பை அரசு அந்த அளவு பக்கத்தில் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். 'வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்று எழுதி மை உலர்ந்ததும் அந்தக் குழந்தை ஓர் ஆளாகிவிட்டது. பிறகு மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாம் அந்த ஒரு வரியின் நகல்கள்.

இவற்றில் மிகவும் கனமான கட்டம் இனம். மலையாளிகள் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்வது வழக்கம். சமவெளியில் கவுண்டர் என்றால் வேறு வேறு சாதிகள், அவை பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட பட்டியல்களில் வருபவை. கீழேயிருந்து புதிதாக வந்த ஆசிரியை, அப்பன் சொன்னதைக் கேட்டு 'இந்து, கவுண்டர்' என்று எழுதிவிட்டால், பதினைந்து வருஷம் கழித்துக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் பழங்குடிச் சான்று கேட்டு நிற்கும் பிள்ளையைக் கவிழ்க்க அந்த ஒரு சொல் போதும். 'இந்து, மலையாளி' என்று எழுதியிருந்தால் கல்லூரி இடம், உதவித்தொகை, வேலை ஆகியவற்றின் கதவு திறக்கும். காட்டுநிலத்துக்கும் இது பொருந்தும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அந்த நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். பழங்குடி இல்லையென்றால் மூன்று தலைமுறை, எழுபத்தைந்து வருஷம் காட்ட வேண்டும். ஜாகீர் காலத்து மலையில் எழுபத்தைந்து வருஷத்துக்குத் தாள் காட்ட யாரால் முடியும்? ஒரு பேனா முனையில் ஒரு குடும்பத்தின் கொல்லை தொங்கியது என்று சொன்னால் மிகையில்லை. இத்தனையும் செய்தவரைத் 'தாய்போல' என்பது, பத்திரம் எழுதிப் பதிந்து கொடுத்தவரை 'நல்ல மனுஷன்' என்று சொல்லி அனுப்புவதற்குச் சமம்.

இதற்கு மறுப்புகள் வரும், வலுவானவைதான். பதிவேடு அப்படி என்ன புனிதமான பொருள்? தேதி கற்பனை, பெயர் திருத்தியது, இனம் சில இடங்களில் தப்பு. மலைக்காரர் நாக்கில் இருந்த பெயரைப் பட்டணத்துப் பெயராக்கி, அவர்கள் காலத்தை எண்ணிய பயிர்க்கணக்கை அழித்து, அரசுக்குத் தோதான ஆட்களாக மாற்றியதுதானே இந்த எழுத்து? ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆட்சேபணை என் கட்சிக்குத் துணையாகவே வருகிறது. தாயின் தப்பை யாரும் கணக்கெடுப்பதில்லை, அன்போடு மறந்துவிடுவார்கள். எழுத்தரின் தப்பை மறக்க முடியாது, திருத்தக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆசிரியையை எழுதியவராக நினைவுகூர்ந்தால்தான் அவர் செய்த நன்மையைப் போலவே செய்த பிழையும் வரலாற்றில் நிற்கும். தவிர, எழுதாமல் விட்டிருந்தால் பயிர்க்கணக்கு பிழைத்திருக்கும் என்பது சமவெளியில் உட்கார்ந்திருப்பவர்களின் ஏக்கம். எழுத்து இல்லாத மலையில் ஜாகீர்தாரின் நாக்குதான் மிஞ்சியிருந்தது.

இன்னொரு மறுப்பு உள்ளூர்க்காரர்கள் சொல்வது: எந்த டீச்சர், எங்கே வந்தார்? திங்கட்கிழமை மதியம் வந்து வெள்ளிக்கிழமை மதியம் இறங்கிப்போனவர்களைத்தான் மலைக்குத் தெரியும். அரசு ஊழியர் உலகில் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்பது பழைய மிரட்டல். அருவிகள் கொட்டும் கல்வராயனும் அந்தக் காடுகளில் ஒன்றாகத்தான் எண்ணப்பட்டது. வந்த நாளிலிருந்தே மாறுதல் மனு எழுதியவர்கள் இருந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் பாதிக்கும் குறைவு, 46.8 சதவீதம். எல்லோரும் ஒழுங்காக வந்து பாடம் நடத்தியிருந்தால் அந்த எண் அங்கே நின்றிருக்காது. ஆனால் இந்தக் குற்றச்சாட்டையும் எதை வைத்துச் சோதிப்பது? வருகைப் பதிவேட்டையும் பணிப்பதிவேட்டையும் வைத்துத்தான். யார் எத்தனை வருஷம் நின்றார், யார் மூன்று மாதத்தில் போனார் என்பது அங்கே எழுத்தில் இருக்கிறது. 'தாய்போல' என்ற போர்வை இருவர் மேலும் ஒரே மாதிரி விழுகிறது. நின்றவருக்கு அது அநியாயம், ஓடியவருக்கு அது சலுகை.

மூன்றாவது மறுப்புக்குத்தான் பதில் சொல்வது கடினம். மக்களே அம்மா என்று கூப்பிட்டார்களே, நீ யார் வேண்டாம் என்பதற்கு? மலையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஆசிரியரே காப்பாளர் பொறுப்பையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அப்பா அம்மா கரும்பு வெட்டவோ காபித் தோட்டத்துக்கோ போய்விட, பிள்ளை விடுதியில் இருக்கும். இரவு காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போடுவது, பேன் பார்ப்பது, முதல் தீட்டில் பயந்து அழும் பெண்ணைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்து விளக்குவது என்று பாடத்திட்டத்தில் இல்லாத வேலை ஏராளம். செய்தவர்களை அந்தப் பிள்ளைகள் அம்மா என்றால் அதில் பொய் இல்லை. கூப்பிடும் உரிமை அந்தப் பிள்ளைகளுடையது. என் சண்டை மேடையில் இருப்பவர்களோடு, வேலைக்கு ஆள் போடாமல் பாசத்தை வைத்துச் சமாளித்துக்கொண்ட நிர்வாகத்தோடு. பிள்ளைகளுக்குச் சோறு போடுவதையும் ஒரு காலத்தில் தாயின் வேலை என்றுதான் சொன்னார்கள். 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், அமைப்பாளர், சமையலர் என்று பணியிடங்கள் உண்டாயின. 2022 செப்டம்பரில் 1,545 தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது, அந்த முதல் பட்டியலில் மலைப்பகுதிப் பள்ளிகளும் இருந்தன. பசித்து வரும் பிள்ளைக்குத் தன் டிபன் பாக்ஸிலிருந்து எடுத்துக்கொடுத்த டீச்சரின் தாய்மை, பட்ஜெட்டில் ஏறியதும் உழைப்பு என்று தெரிந்துவிட்டது. விடுதியில் இரவு முழுக்க விழித்திருந்த நேரம் இன்னும் அப்படி ஏறவில்லை. அதுவரை 'தாய்போல' என்பது கொடுக்காத சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் ரசீது.

அந்த மலைப்பிள்ளைகளுக்குத் தாய்கள் இல்லாமலும் இல்லை. சாமைக் கொல்லையில் களை எடுத்துவிட்டுக் குழந்தையை இழுத்துக்கொண்டு பள்ளி வாசலில் வந்து நின்றவள் தாய். வேலை தேடிப் பெற்றவர்கள் மலையிறங்கிய வீடுகளில், பாதுகாவலர் கலத்தில் கட்டைவிரல் வைத்தவள் பாட்டி. ஆசிரியை வீட்டுத் தூளியைக் கள்ளக்குறிச்சியில் ஒரு பாட்டி ஆட்ட, அவர் பள்ளிக்கு வரும் பிள்ளையை மலையில் இன்னொரு பாட்டி கைப்பிடித்து அழைத்து வந்தாள். மேடைப் பேச்சில் அந்த இருவருக்கும் இடம் கிடைப்பதில்லை.

ஜாகீர் போய் ஏறக்குறைய அரை நூற்றாண்டு. 1979 ஜூனில் காதைத் தொட்டுக் காட்டி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு மலைச் சிறுமியை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கலாம். அவளைச் சேர்த்த டீச்சர் உயிரோடு இருந்தால் கொள்ளுப்பேத்தியைப் பார்த்திருப்பார். பிறந்த தேதிக் கட்டத்தில் அன்று அவர் எழுதியது 1.6.1974, அடுத்த கட்டத்தில் அதே தேதி எழுத்தால். சிறுமியின் ஆதாரில் இன்றும் அதுதான் இருக்கும். முதியோர் உதவித்தொகைக்கு அறுபது வயது முடிய வேண்டும், ஆகவே அவளுக்கு 2034 ஜூன். முழங்காலைத் துடைத்து மச்சம் தேடிய அந்தக் காலையில், பிள்ளை கொஞ்சம் வளர்த்தியாக இருக்கிறாளே என்று டீச்சர் ஒரு வருஷம் கூட்டி எழுதியிருந்தால், 2033.